பேராக்கிலிருந்து அடுத்த காற்பந்துப் பயிற்றுநர் வருவாரா? இன்றைய ஆட்டக்காரர்களில் யாருக்கு அந்தத் தகுதி?

ஈப்போவில் மாமாக் கடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர்களிடையே இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "இவன் ஆடுறத பாருங்க அண்ணே, பின்னாடி நல்ல கோச்சா வருவான்" என்பார் ஒருவர். "நல்லா ஆடுறவன் எல்லாம் நல்லா சொல்லிக் கொடுத்துடுவானா?" என்று பக்கத்து மேசையிலிருந்து பதில் வரும்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மலேசிய இந்தியக் காற்பந்தைப் பொறுத்தவரை இப்போது அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தகுதியுள்ள ஆட்டக்காரர் ஒருவர் ஓய்வு பெற்றால், அவருக்கு முதல் பயிற்றுநர் வேலையைக் கொடுக்க ஆள் இருக்கிறதா?

இந்தக் கேள்வி ஏன் இப்போது?

2007 முதல் 2013 வரை மலேசிய தேசிய அணியை அடுத்தடுத்து இரண்டு மலேசிய இந்தியர்கள் வழிநடத்தினார்கள். முதலில் பி. சத்தியநாதன், 2009-இல் அவருக்குப் பின் கே. ராஜகோபால்.

அதற்குப் பிறகு டோல்லா சாலே, ஓங் கிம் சுவீ, நெலோ விங்காடா, டான் செங் ஹோ, கிம் பான் கோன், இப்போது பீட்டர் கிளாமோவ்ஸ்கி என்று பலர் வந்துவிட்டார்கள். இந்தப் பத்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் மூத்தோர் தேசிய அணிக்குத் தமிழர் ஒருவர் தலைமைப் பயிற்றுநராக வரவில்லை. 23 வயதுக்குட்பட்டோர் அணியை இ. இளவரசன் 2023 கம்போடியா சீ விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். அந்த அணி குழுச் சுற்றோடு திரும்பியது.

சத்தியநாதன் 2023 ஜூலையில் காலமானார். அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருக்கிறது. அடுத்த வரிசையில் யார்?

மூன்று பேர், மூன்று பாதைகள்

நல்ல பயிற்றுநர் எப்படி உருவாகிறார் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போகத் தேவையில்லை. நம்மிடமே மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர் எம். கராத்து. பேராக் மாநிலத்துக்கு ஆடி, பிறகு பேராக் உட்பட பல மாநில அணிகளைப் பயிற்றுவித்தவர். அறுபது வயதைத் தாண்டிய நிலையில் கிளந்தானுக்குப் போனார். 2011-இல் அந்த அணிக்கு சூப்பர் லீக் பட்டம் கிடைத்தது.

இரண்டாமவர் சத்தியநாதன். ஆட்டக்காரராக நாடே அறிந்த நட்சத்திரமாக இருந்தவர் அல்ல. பயிற்சித் துறையிலேயே பெயர் வாங்கி மேலே வந்தார். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் மலேசியா 0-5 என்று தோற்றது. தேசிய அணிப் பொறுப்பும் போனது. "அவ்வளவுதான், ஆள் முடிஞ்சிட்டார்" என்று நினைத்தவர்களுக்கு 2010 அக்டோபரில் பதில் கிடைத்தது. அவர் பயிற்சியில் கிளந்தான் தன் வரலாற்றில் முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது.

மூன்றாமவர் ராஜகோபால். தேசிய அணிக்கு ஆடிய அனுபவம் உள்ளவர். அவர் பயிற்றுநராகச் செய்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

25 நாட்களில் மாறியது என்ன?

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. ஏ.எஃப்.எஃப் சுசுகி கிண்ணத்தின் முதல் குழு ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 என்று தோற்றது. டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் மலேசியாவுக்கு அந்தக் கிண்ணம் முதல் தடவையாகக் கிடைத்தது.

25 நாட்களில் யாரும் புதிதாக ஆடக் கற்றுக்கொள்ள முடியாது. அணியில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள்தான். அவர்களில் பலர் 2009 லாவோஸ் சீ போட்டியில் அவருடைய பயிற்சியில் தங்கம் வென்றவர்கள். 1989-க்குப் பிறகு மலேசியா வென்ற முதல் காற்பந்துத் தங்கம் அது.

அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. ஐந்து கோல் வாங்கிய பிள்ளைகள் மறுபடி பயிற்றுநரின் பேச்சைக் கேட்கிறார்கள் என்றால், அந்த நம்பிக்கை ஒரே வாரத்தில் வந்ததாக இருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்போது ராஜகோபாலுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்தவர் டான் செங் ஹோ. பின்னாளில் அவரே தேசியப் பயிற்றுநராகி, 2018-இல் மலேசியாவை அதே போட்டியின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போனார். துணைப் பயிற்றுநர் நாற்காலி சாதாரண நாற்காலி அல்ல, அதுதான் அடுத்த படி.

உலக அனுபவம் என்ன சொல்கிறது?

பெப் குவார்டியோலா, கார்லோ அன்செலோட்டி, டியேகோ சிமியோனி, மிக்கேல் ஆர்ட்டேட்டா, ஷாபி அலோன்சோ. இவர்கள் எல்லாருமே நடுத்திடலில் ஆடியவர்கள். நடுத்திடல் ஆட்டக்காரர் முன்னும் பின்னும் பார்த்து, பந்து வருவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். அதனால் "மிட்ஃபீல்டர்தான் நல்ல கோச் ஆவார்" என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது.

ஆனால் இடம் மட்டும் போதாது. அலோன்சோ முதலில் ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணியைப் பயிற்றுவித்தார். பிறகு ரியல் சோசியடாட் இரண்டாம் அணியில் மூன்று ஆண்டு இருந்தார். அதற்குப் பிறகுதான் லெவர்குசன். 2023-24 பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் ஜெர்மன் பட்டத்தை வென்றார். ஆர்ட்டேட்டா மூன்று ஆண்டுக்கும் மேலாக மான்செஸ்டர் சிட்டியில் குவார்டியோலாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் ஆர்சனலுக்குப் போனார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். தியரி ஹென்றி எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்! 2018 அக்டோபரில் மொனாக்கோவில் தலைமைப் பயிற்றுநரானார், 2019 ஜனவரியில் வேலை போய்விட்டது. கேரி நெவில் 2015 டிசம்பரில் வலென்சியாவுக்குப் போனார், நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. இருவருக்கும் அதற்கு முன் எந்தக் கிளப் அணிக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்த அனுபவம் இல்லை.

பக்கத்து நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி ஆடிய காலத்தில் பெரிய நட்சத்திரம். ஓய்வுக்குப் பின் கிளப் அணிகளில் தொடங்கி, 2013-இல் லயன்ஸ் XII அணியுடன் நமது சூப்பர் லீக் பட்டத்தையே வென்றார். 2016-இல் சிங்கப்பூர் தேசிய அணிப் பொறுப்பு வந்தது. நட்சத்திரமும் பயிற்றுநராகலாம், ஆனால் அவரும் படி ஏறித்தான் வர வேண்டும்.

சரி, இன்றைய ஆட்டக்காரர்களில் யார்?

இது கணிப்பு மட்டுமே. பேராக் ரசிகர்களுக்குப் பழக்கமான சில பெயர்களிலிருந்து தொடங்கலாம். 2018-இல் மெஹ்மெட் டுராக்கோவிச் பயிற்சியில் பேராக் எட்டாவது முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றதே, அந்த அணியிலேயே மூன்று பேர் கண்ணில் படுகிறார்கள்.

கென்னி பால்ராஜ்: தற்காப்புக்கு முன்னால் நின்று ஆடும் நடுத்திடல் ஆட்டக்காரர். கோல் அடித்துத் தலைப்புச் செய்தியில் வருகிற ஆள் இல்லை. ஆனால் 2018-இல் பேராக், 2021-இல் போஜான் ஹோடாக்கின் கோலாலம்பூர் சிட்டி என இரண்டு அணிகளோடு மலேசியக் கிண்ணம் பார்த்தவர். இரண்டு பயிற்றுநர்களின் வெவ்வேறு திட்டங்களுக்குள் அதே வேலையைச் செய்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் கண் இருக்கும்.

ஷாருல் சாட்: மத்தியத் தற்காப்பு. 2018 ஏ.எஃப்.எஃப் இறுதிச் சுற்றில் வியட்நாமுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் போட்டவர். பின்னாலிருந்து முழுத் திடலையும் பார்த்து மற்றவர்களை நிறுத்தி வைப்பது தற்காப்பு ஆட்டக்காரரின் அன்றாட வேலை.

பிரெண்டன் கான்: ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, இங்கே பல அணிகளில் ஆடி, காயங்களிலிருந்து திரும்பி வந்த நடுத்திடல் ஆட்டக்காரர். இரண்டு நாட்டுப் பயிற்சி முறைகளையும் உள்ளிருந்து பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு.

பேராக்குக்கு வெளியே எஸ். குணாளனைச் சொல்லாமல் விட முடியாது. 2010 கிண்ணம் வென்ற ராஜகோபாலின் அணியில் இருந்தவர். ஓரத்தில் ஓடித் தாக்கும் ஆட்டக்காரராகத் தொடங்கி, பின்னர் வலது தற்காப்புக்கு மாறி, ஜோகூர் டாருல் தாக்சிமில் நீண்ட காலம் நிலைத்தார். வயது ஏறும்போது இடத்தை மாற்றிக்கொண்டு புதிதாகக் கற்கத் தயாராக இருந்தவர், நாளை மற்றவர்களுக்கும் அதைச் சொல்லித்தர முடியும்.

இவர்களில் யார் உண்மையிலேயே பயிற்சித் துறைக்கு வருவார்கள் என்பது அவரவர் விருப்பம். எல்லாருக்கும் அந்த ஆசை இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆசை இருந்தால் போதுமா? லைசென்ஸ் வேண்டும்

ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சிச் சான்றிதழ்கள் படிப்படியாக இருக்கின்றன. அடியில் டி, பிறகு சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. சூப்பர் லீக்கில் தலைமைப் பயிற்றுநராக அமர மேல்படி வரை வர வேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் ஏதாவது ஓர் அணியில் வேலை செய்து அனுபவம் காட்ட வேண்டும். ஆக, 35 வயதில் ஓய்வு பெற்ற பிறகு அடிப்படியிலிருந்து தொடங்கினால் ப்ரோ கைக்கு வரப் பல ஆண்டுகள் ஓடிவிடும்.

அதனால்தான் ஆடிக்கொண்டிருக்கும்போதே சி, பி படிகளை முடிப்பது முக்கியம். அதோடு, அனுபவம் காட்ட அணி வேண்டுமே! சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தோட்டத்துத் திடல் போன பிறகு

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கம் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பால்மரத் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும், மாலையில் திடலுக்கு வந்துவிடலாம். தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது. பழைய ஆட்டக்காரர், கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று யாராவது ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி ஆடச் சொல்லிக் கொடுப்பார். சம்பளமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஆனால் பத்துப் பேரை ஒன்றாக வைத்து வேலை வாங்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாயின. துண்டாடலைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலத்தில் ஒரு பகுதி தப்பியது. குடும்பங்கள் பட்டணத்துக்குப் போனபோது தோட்டத்து அணிகள் கலைந்தன.

அந்த இடத்தை நிரப்ப வந்த முயற்சிகளும் நிலைக்கவில்லை. இந்திய ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்புத் தர மிஃபா அமைப்பின் வழியாக உருவான அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டியாகி சூப்பர் லீக் வரை போனது. கே. தேவன், பி. மணியம் போன்ற பயிற்றுநர்களுக்கு அது மேடையானது. தேவன் பிறகு நெகிரி செம்பிலானை 2022-இல் சூப்பர் லீக்கின் நான்காம் இடத்துக்குக் கொண்டு வந்தார். ஆனால் பெட்டாலிங் ஜெயா சிட்டி அதே 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

பேராக்கின் நிலையும் தெரிந்ததுதான். 2021-இல் பணச் சிக்கல், தரமிறக்கம். 2025-26 சூப்பர் லீக்கில் பேராக் அணியே இல்லை. முதல் அணி இல்லையென்றால் துணைப் பயிற்றுநர், இளையோர் பயிற்றுநர், கோல் காவலர் பயிற்றுநர் ஆகிய வேலைகளும் இல்லை. ஈப்போவில் ஓய்வு பெறுகிற ஆட்டக்காரருக்கு வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்திருக்க வேண்டிய முதல் படி அதுதான்.

என்ன செய்யலாம்?

வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. 2014 முதல் நடக்கும் தேசிய காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்துக்குச் சிறுவர் பயிற்றுநர்கள் தேவை. பள்ளி அணிகளும், சுக்மா மாநில அணிகளும், ஏ1 அரைத் தொழில்முறை லீக் அணிகளும் இருக்கின்றன. சம்பளம் குறைவாக இருக்கலாம். அலோன்சோ தொடங்கியதும் சிறுவர் அணியில்தான்.

ஆட்டக்காரர்கள் ஆடும்போதே சான்றிதழ் எடுக்கத் தொடங்கலாம். இந்திய விளையாட்டு அமைப்புகள் ஒரு நாள் போட்டிக்கும் கிண்ணத்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரின் பயிற்சிக் கட்டணத்துக்கு ஒதுக்கலாம். தேசிய அணியும் மாநில அணிகளும் உள்ளூர்த் துணைப் பயிற்றுநருக்கு ஓர் இடம் வைக்கலாம்.

அடுத்த முறை மாமாக் கடையில் "இவன் நல்ல கோச்சா வருவான்" என்று யாராவது சொன்னால், கூடவே இதையும் கேட்டுப் பாருங்கள்: "சரிண்ணே, எந்த டீம் அவனுக்கு முதல் வேலை கொடுக்கும்?"