வாசனையும் வணிகமும்: இயற்கைச் சாற்றெண்ணெய்களின் பக்கம் நின்று ஒரு வாதம்

பொருளுக்குப் பெயரிடுதல் மனிதனின் முதல் அறிவுத்தொழில் எனின், பொருளுக்குப் பொய்ப்பெயரிடுதல் வணிகனின் முதல் தந்திரம் எனலாம். இத்தந்திரத்தின் விளைநிலத்தைக் காண விரும்புவோர் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஹெந்தளைச் சந்தியிலும் உள்ள எந்தக் கடையினுள்ளும் நுழையலாம். சந்தனம், மல்லிகை, ரோசா எனப் பெயர் பொறித்த சிறு போத்தல்கள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. அவற்றின் அருகே 'கடற்காற்று' என்றும் 'மழைத்துளி' என்றும் எழுதிய போத்தல்களும் உள்ளன. கடற்காற்று எந்த மரத்திலே காய்க்கின்றது என்று நாம் கேட்பதில்லை. மல்லிகை என்று எழுதிய போத்தலினுள்ளே மல்லிகை உண்டா என்றும் கேட்பதில்லை. கேளாமையே இவ்வணிகத்தின் முதலீடு.

இதனைச் சிறு பொய் என ஒதுக்கிவிடலாகாது. இப்பொய்யின் பின்னே ஒரு நாட்டின் உழைப்பும், ஒரு மக்கட் கூட்டத்தின் பிழைப்பும், நுகர்வோனின் அறியும் உரிமையும் அடங்கியுள்ளன. இயற்கைச் சாற்றெண்ணெய்களையே நாம் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆயின், 'இயற்கை யாவும் நன்று, செயற்கை யாவும் நஞ்சு' என்னும் மலினமான கோஷத்தின் மேல் அத்துணிபை நிறுத்த நாம் விரும்பவில்லை.

முதலிற் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இவ்வெண்ணெய்களை 'அத்தியாவசிய எண்ணெய்' எனச் சிலர் மொழிபெயர்த்து எழுதுகின்றனர். அரிசியும் மண்ணெண்ணெயும் அத்தியாவசியப் பொருள்கள்; கறுவா எண்ணெய் அவ்வகையினதன்று. மூலச்சொல் குறிப்பது 'சாரம்' என்பதையே. செடியின் இலை, பட்டை, பூ, வேர் ஆகியவற்றில் உறையும் ஆவியாகத்தக்க சாரத்தைக் கொதிநீராவியினால் வடித்தெடுப்பதே சாற்றெண்ணெய். எல்லாப் பூக்களும் இம்முறைக்கு இணங்குவதில்லை. மல்லிகையை நீராவியில் வாட்டினால் அதன் மென்மணம் சிதைந்துபோம். ஆதலின் கரைப்பான் கொண்டே அதனைப் பிரித்தெடுக்கின்றனர். ஒரு கிலோ சாரத்துக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். இவ்வொரு செய்தியை அறிந்தவன், சில்லறைக் காசுக்கு விற்கும் 'மல்லிகை எண்ணெய்' போத்தலைக் கண்டு ஏமாறமாட்டான்.

மறுபுறத்தே, செயற்கை வாசனையின் வரலாறு இகழத்தக்கதன்று. கறுவாப் பட்டையின் மணத்துக்குக் காரணமான சினமல்டிகைட்டை 1834இல் பிரான்சிய இரசாயனவியலாளரான டூமாவும் பெலிகோவும் பிரித்தெடுத்தனர். 1854இல் கியோட்சா அதனை ஆய்வுகூடத்திலே தொகுத்தார். 1868இல் பேர்க்கின் கூமரினை ஆக்கினார். 1874இல் டீமனும் ஹார்மனும் வனிலினை ஆக்கினர். இவை மனித அறிவின் வெற்றிகள். இவ்வறிவினால் நன்மை விளையாமலுமில்லை. கத்தூரிக்காக மான்களைக் கொல்லும் கொடுமை குறைவதற்குச் செயற்கைக் கத்தூரியும் ஒரு காரணமாயிற்று. விஞ்ஞானத்தோடு நமக்குப் பகையில்லை. விஞ்ஞானத்தின் விளைவை இயற்கையின் பெயரால் விற்கும் வணிகத்தோடுதான் பகை.

நமது கோயில்களிலே நாள்தோறும் ஏற்றப்படும் கற்பூரம் இதற்கு ஏற்ற சான்றாகும். கற்பூர மரத்தை வடித்துப் பெற்ற பொருளாகவே ஒரு காலத்தில் அது இருந்தது. தாய்வானைக் கைப்பற்றிய யப்பானிய அரசு 1899இல் கற்பூரத்தைத் தன் ஏகபோகமாக்கிற்று. செலுலோயிட் செய்வதற்கு அது இன்றியமையாததாயிருந்தமையே காரணம். விலை ஏறவே, ஐரோப்பியர் பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் கற்பூரத்தைலத்தை, அதாவது தேர்பந்தைனை, மூலமாகக் கொண்டு செயற்கைக் கற்பூரம் செய்யலாயினர். இன்று சந்தைக்கு வருவதிற் பெரும்பகுதி அத்தகையதே. ஆலமர்ந்த இறைவன் இதனால் வெகுளப் போவதில்லை. ஆனால் அடியவனுக்குத் தான் ஏற்றுவது யாதென அறியும் உரிமை இல்லையா?

நறுமணம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலே மாதவி நீராடிய நன்னீருக்குப் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் தேவைப்பட்டன. உரைகாரர் அவ்வைந்து விரையையும் பெயர்சொல்லி எண்ணிக் காட்டினர். பெயரும் பொருளும் பிரியாதிருந்த காலம் அது. இன்றைய போத்தலின் மேலே 'நறுமணம்' என்னும் ஒற்றைச் சொல் நிற்கின்றது. அச்சொல்லின் மறைவிலே பல டசின் இரசாயனப் பொருள்களும், அவற்றை நீர்க்கச் செய்யும் டையெதைல் தலேற்றுப் போன்ற கரைப்பான்களும் ஒளிந்திருக்கக் கூடும்.

இனி, நமது மண்ணின் கதைக்கு வருவோம். ஹெந்தளையின் ஊடே செல்லும் கால்வாயை அறியாதார் இப்பகுதியில் இலர். நீர்கொழும்புப் பக்கத்துக் கறுவாவைக் கொழும்புத் துறைக்குக் கொணர்வதற்கு ஒல்லாந்தர் பயன்படுத்திய நீர்வழிகளின் தொடர்ச்சியே அது. கறுவாவுக்காகவே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவின் கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்தனர். காட்டிலே பட்டையுரித்துத் தரும் கடமை சலாகம சாதியினர் மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. கறுவாச் செடிக்குச் சேதம் விளைவித்தோர் மரண தண்டனை வரை அஞ்ச வேண்டியிருந்தது. பிரித்தானியர் காலத்திலே 1833இல்தான் அரச ஏகபோகம் ஒழிந்தது. மணத்தின் பின்னே இரத்தமும் வியர்வையும் இருந்தமையை இவ்வரலாறு காட்டுகின்றது.

ஏகபோகம் ஒழிந்தது, ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. உலகின் மெய்க்கறுவாவிற் பெரும்பகுதி இன்றும் இத்தீவிலேயே விளைகின்றது. பட்டையுரித்த பின் எஞ்சும் இலையைக் காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு வடிசாலைகளிலே வடித்து, இயூஜினோல் நிறைந்த இலை எண்ணெயைப் பெறுகின்றனர். வடித்துக் கழிந்த இலையே காய்ந்தபின் அடுப்புக்கு விறகாகின்றது. கழிவைப் பொருளாக்கும் இத்தொழிலை விடச் சிக்கனமான கைத்தொழிலைக் காண்பது அரிது. கிராம்பு எண்ணெயிலும் கறுவா இலை எண்ணெயிலும் உள்ள இயூஜினோலிலிருந்து வனிலின் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கையாளப்பட்டது. பின்னர் பெற்றோலிய வழிவந்த குவாயகோல் அவ்விடத்தைப் பெரிதும் கைப்பற்றிக்கொண்டது. தொலைவிலுள்ள ஓர் ஆலையின் குழாய் திறக்கப்படும்போது, இங்கே ஒரு வடிசாலையின் அடுப்பு அணைகின்றது. சந்தை என்னும் சொல்லுக்குள் இந்த அடுப்பு தெரிவதில்லை.

நம்மவர் அனைவரும் நிரபராதிகள் என்று கூறவும் இயலாது. சித்திரனெல்லா எண்ணெயின் கதை அதற்குச் சான்று. சிங்களத்திலே பெங்கிரி எனப்படும் புல்லிலிருந்து வடிக்கும் இவ்வெண்ணெய்க்கு ஒரு காலத்தில் உலகச் சந்தையிலே இலங்கையே முதலிடம் வகித்தது. பேராசை கொண்டோர் அதிலே மண்ணெண்ணெயைக் கலந்தனர். கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஜேர்மனியின் சிம்மெல் கம்பனி ஒரு சோதனையை வகுக்க வேண்டியதாயிற்று. இத்தீவின் மகாபெங்கிரி என்னும் இனம் யாவாவுக்குச் சென்று, தரமிகு எண்ணெயைத் தந்து, 20ஆம் நூற்றாண்டிலே நமது எண்ணெயைப் பின்தள்ளிற்று. விதை நம்முடையது, பெயர் யாவாவினுடையது. பொய் சொன்னவனுக்கு நேரும் முடிவு இதுவே. செயற்கையை மல்லிகை என்று விற்பவனுக்கும், மண்ணெண்ணெயைப் பெங்கிரி என்று விற்றவனுக்கும் வேறுபாடு யாது?

எதிர்வாதங்களை நோக்குவோம். முதலாவது, 'ஆலையிலே செய்த சினமல்டிகைட்டும் பட்டையிலுள்ள சினமல்டிகைட்டும் ஒரே மூலக்கூறுதானே' என்பது. மூலக்கூறு ஒன்றே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டை எண்ணெய் ஒரு மூலக்கூறன்று. இயூஜினோல், லினலூல், கரியோபிலீன் முதலிய பலவும் கூடிய தொகுதி அது. ஒரு சுரத்தை மட்டும் மீட்டிவிட்டு இராகம் பாடினேன் என்பவனை இரசிகர் ஏற்பரோ?

இரண்டாவது, 'இயற்கை எண்ணெயும் உடலுக்குத் தீங்கு செய்யுமே' என்பது. உண்மை. கறுவாப் பட்டை எண்ணெயைக் கலப்பின்றித் தோலிலே பூசுவோன் எரிவை விலைகொடுத்து வாங்குகிறான். ஒவ்வாமை தரத்தக்க 26 வாசனைப் பொருள்களை அழகுசாதனப் பொருள்களின் மேற்சீட்டிலே பெயர்சுட்டி எழுதவேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதித்தது. 2023இல் அப்பட்டியலை 80க்கும் மேலாக விரித்தது. சினமல்டிகைட்டு, இயூஜினோல், ஜெரானியோல் ஆகிய நமது எண்ணெய்களின் கூறுகளும் அதிலுண்டு. ஆலையிலே பிறந்ததா இலையிலே பிறந்ததா என அவ்விதி பேதம் பார்க்கவில்லை. இதனால் நமது வாதம் தளராது. யாது உள்ளது என எழுதுக என்பதே அவ்விதியின் உயிர். நமது கோரிக்கையும் அதுவே. நோய் தீர்க்கும், ஆயுள் வளர்க்கும் என இயற்கை எண்ணெய்க்கு மாயம் கற்பித்து விற்போரும் இக்கண்டனத்துக்கு உரியோரே.

மூன்றாவது, 'இயற்கையை நாடினால் காடு அழியும்' என்பது. இது மிகவும் கனமான வாதம். 2012ஆம் ஆண்டையடுத்து, வல்லப்பட்டை மரத்தின் அகிற்பிசினுக்காக நமது காடுகள் சூறையாடப்பட்டமையையும் கட்டுநாயக்காவிலே கடத்தல்கள் பிடிபட்டமையையும் அறிவோம். சந்தன மரத்தின் கதியும் இரங்கத்தக்கது. ஆதலின் நமது தெரிவுக்கு ஓர் எல்லை வேண்டும். காட்டிலே திருடியதை வேண்டோம். தோட்டத்திலே பயிரிட்டதையே வேண்டுவோம். கறுவா வெட்ட வெட்டத் தழைக்கும்; பெங்கிரி அறுக்க அறுக்க முளைக்கும். அகிலின் மணம் வேண்டுவோன் செயற்கை என எழுதிய போத்தலை வாங்குவானாயின், அது காட்டுக்குச் செய்யும் உதவியே.

நான்காவது, 'ஏழைக்கு இயற்கை எட்டாது' என்பது. ரோசாவும் மல்லிகையும் எட்டாதுதான். ஆனால் பெங்கிரியும் கறுவா இலையும் அரசரின் பொருள்களல்ல. பத்துத் துளி பொய்யைவிட ஒரு துளி மெய் மலிவானது. அன்றியும், ஏழையின் பெயரால் இவ்வாதத்தைப் பேசுவோர் இலை சுமக்கும் ஏழையை ஏன் மறந்தனர்?

செய்யவேண்டுவன சிக்கலானவையல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மேற்சீட்டுகள் குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு உண்டு. ஊதுபத்தி, வாசனை எண்ணெய், சவர்க்காரம் ஆகியவற்றின் மேலே 'இயற்கை', 'செயற்கை', 'கலப்பு' என மூன்றிலொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுமாறு அது பணிக்கட்டும். இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றது. அயலான் காக்க இசைந்த பெயரை நமது கடைத்தெருவிலே நாம் காவாதிருத்தல் நாணத்தக்கது. எண்ணெயைப் பீப்பாவிலே ஏற்றியனுப்பிவிட்டு வாசனையைப் போத்தலிலே இறக்குமதி செய்யும் பேதைமையும் ஒழிதல் வேண்டும். நமது பல்கலைக்கழகங்களின் இரசாயனவியற் பகுதிகளிலே பயில்வோருக்கு இதைவிட உகந்த பணி வேறேது?

கலைப்பீட மாணவராகிய நமக்கும் ஒரு பணியுண்டு. சொற்களின் காவலர் நாம். மல்லிகை என்னும் சொல் மல்லிகையையே குறித்தல் வேண்டும் என வாதிடுவது மொழிப்பணியுமாகும். நமது சங்க விழா மேடையிலே குத்துவிளக்கருகே ஏற்றும் ஊதுபத்தியின் பெட்டியைத் திருப்பி அதன் பின்புறத்தை வாசிப்பதிலிருந்து அப்பணி தொடங்கட்டும்.