நிற்கும் வண்டிக்கும் நீதி வேண்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு யாத்திரை செய்யும் வழக்கம் வேரூன்றிப் பல்லாண்டுகள் ஆகின்றன. படுக்கை, சமையலறை, நீர்த்தொட்டி முதலிய சகல வசதிகளும் அமைந்த அவ்வண்டிகளை அந்நாட்டார் ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கின்றனர். சில வண்டிகள் தம் சொந்த எஞ்சினால் ஓடுவன. சில, வேறொரு மோட்டாரின் பின்னே பூட்டி இழுக்கப்படுவன. இவை ஓடும்போது நேரும் விபத்துகளைப் பற்றிச் சட்டம் வெகு விரிவாகப் பேசுகிறது. ஆனால் சொந்தக்காரர் ஒரு ராஜ்யத்தில் வசிக்க, வண்டி வேறொரு ராஜ்யத்தில் மாதக்கணக்காக நிற்குமானால், அதற்கு இன்ஷியூரன்ஸ் பாதுகாப்பு எவ்வளவு தூரம் உண்டு என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பது அரிதாக இருக்கிறது. இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. அதிகாரம் மத்திய சர்க்காருக்கும் ராஜ்யங்களுக்குமாகப் பங்கிடப்பட்டுள்ள நாட்டில், அப்பங்கீட்டின் இடுக்கில் சாதாரணப் பிரஜை எவ்வாறு அகப்பட்டுக்கொள்கிறான் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தமாகும்.

மின்னசோட்டா ராஜ்யத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அங்கே குளிர்காலம் கடுமையானது. ஆகவே அவர் ஆண்டுதோறும் சில மாதங்களை அரிஸோனாவின் வெயிலில் கழிக்கிறார். ஒவ்வொரு முறையும் சுமார் 1,700 மைல் தூரம் வீட்டு வண்டியை இழுத்துச் செல்வது அவர் வயதுக்கும் வருமானத்துக்கும் ஏற்றதன்று. எனவே அரிஸோனாவிலேயே ஒரு கொட்டகையில் வாடகை கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டு ஊர் திரும்புகிறார். வண்டி பதிவானது மின்னசோட்டாவில். பாலிசி எழுதப்பட்டதும் அங்கேயே. ஆகஸ்டு மாதப் புயலில் கொட்டகையின் கூரை சரிந்து வண்டி நொறுங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அவர் நஷ்டஈடு கோருகிறார். கம்பெனியார் கேட்கும் முதற்கேள்வி, “வண்டி எங்கே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது?” என்பதே. பாலிசியில் கண்ட விலாசம் ஒன்று, வண்டி நின்ற இடம் வேறு என்றால், பல வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டிய அம்மனிதரின் நிலை அப்பொழுதே தத்தளிக்கத் தொடங்குகிறது. கொட்டகைக்காரரிடம் போனாலோ, சேதத்துக்குத் தாம் ஜவாப்தாரியல்ல என்று வாடகைச் சீட்டில் அச்சிட்டிருக்கும் வாசகத்தைக் காட்டுவது அத்தொழிலில் சகஜம்.

இதிலுள்ள விபரீதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதே உபாத்தியாயர் தமது மோட்டாரை ஓட்டிக்கொண்டு ஐந்தாறு ராஜ்யங்களைக் கடந்து சென்றாரானால், பாலிசி அவரைப் பின்தொடர்ந்து காக்கிறது. கடந்துசெல்லும் ராஜ்யத்தின் சட்டம் அதிகத் தொகைக்குப் பொறுப்பு வேண்டுமென்று விதித்திருந்தால், அவருடைய பாலிசியின் பொறுப்புத் தொகை தானாகவே அவ்வளவுக்கு உயரும் என்ற ஷரத்து அந்நாட்டு மோட்டார் பாலிசிகளில் சாதாரணமாகக் காணப்படுவது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடி, பிறருக்கு உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய வண்டிக்கு எல்லைகள் தடையல்ல. ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு மட்டும் எல்லை ஒரு பெருஞ்சுவராக எழும்பி நிற்கிறது! இதற்கு நியாயம் யாது?

காரணத்தை அறியச் சரித்திரத்தைச் சிறிது புரட்ட வேண்டும். இன்ஷியூரன்ஸ் என்பது வர்த்தகமே அன்று என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1869ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. அதன் பயனாக அத்தொழிலின் மேற்பார்வை முழுவதும் ராஜ்யங்களின் கைக்குப் போயிற்று. எழுபத்தைந்து வருஷங்களுக்குப் பின், 1944இல், அதே கோர்ட் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு, எல்லைகளைக் கடந்து நடக்கும் இன்ஷியூரன்ஸும் வர்த்தகமே, அதை மத்திய சர்க்கார் கட்டுப்படுத்தலாம் என்றது. கம்பெனிகளும் ராஜ்யங்களும் கலங்கின. மறு வருஷமே, 1945இல், மக்காரன் - பெர்குஸன் சட்டம் நிறைவேறி, அதிகாரம் மீண்டும் ராஜ்யங்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை ஐம்பது ராஜ்யங்களில் ஐம்பது இன்ஷியூரன்ஸ் சட்டங்கள் நடைபெற்று வருகின்றன. கம்பெனியின் லைசென்ஸும் பாலிசியின் வாசகமும் பிரீமிய விகிதமும் ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறுபடுகின்றன.

இச்சட்டங்களின் முரண்பாடு எத்தகையதென்பதற்குச் சில உதாரணங்கள் போதும். வெளி ராஜ்யத்தாரின் வண்டியாயினும், 365 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தன் எல்லைக்குள் இருந்தால் தன் சட்டப்படி பாதுகாப்பு வேண்டும் என்கிறது ப்ளோரிடா. ஒரு வருஷத்தில் 30 நாட்களுக்கு மேல் ஓட்டினாலே தன் சட்டம் பற்றும் என்கிறது மிச்சிகன். ஓடாத வண்டிக்கு ஓட்டுவோர் பொறுப்புப் பாலிசி எதற்கென்று சொந்தக்காரர் அதை நிறுத்திவிட்டு, தீ, திருட்டு, புயல், ஆலங்கட்டி மழை ஆகியவற்றுக்கான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறார். இது சிக்கன புத்தியுள்ள எவரும் செய்வதே. ஆனால் நியூயார்க்கில் பதிவான வண்டியாயின், நம்பர் தகடுகளை முதலில் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டே அவ்வாறு செய்யலாம். தவறினால் பதிவுக்கே ஆபத்து. கலிபோர்னியாவிலோ, வண்டியை ஓட்டப்போவதில்லை என்று பிரமாணம் எழுதிக் கொடுத்தால் போதும். கடன் வாங்கி வண்டி வாங்கியவருக்கு இவ்விரண்டும் உதவா. முழுப் பாதுகாப்பையும் வைத்திருக்க வேண்டுமென்று கடன் கொடுத்தவர் பத்திரத்தில் எழுதி வாங்கியிருப்பார். இத்தனையையும் ஆராய்ந்து தெளிந்து நடக்க ஒரு சாதாரண மனிதனால் இயலுமா?

கம்பெனியாரின் கட்சியிலும் உண்மை இல்லாமலில்லை. ஆபத்து இடத்துக்கு இடம் மாறுவது கண்கூடு. ப்ளோரிடாக் கரையோரத்தில் சூறாவளி; டெக்ஸாஸ் சமவெளியில் ஆலங்கட்டி மழை; கலிபோர்னியா மலைச்சாரலில் காட்டுத்தீ. 2022ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இயன் என்னும் சூறாவளி ப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையைத் தாக்கியபோது, அங்கே நின்ற வண்டிக்கும் மின்னசோட்டாவில் நின்ற வண்டிக்கும் ஆபத்து ஒன்றாக இருந்ததென்று யார் சொல்லக்கூடும்? ஆபத்து வேறானால் பிரீமியமும் வேறாவது நியாயமே. குறைந்த விகிதமுள்ள ஊரின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு அதிக ஆபத்துள்ள ஊரில் வண்டியை நிறுத்துவோர் உண்டு. விற்பனை வரியில்லாத மொன்டானா ராஜ்யத்தில் பெயருக்கு ஒரு கம்பெனியை ஸ்தாபித்து, அதன் பெயரில் வண்டியைப் பதிவு செய்துகொண்டு, அங்கே காலடியும் வைக்காதவர்களும் உண்டு. இவர்களுக்காக நாம் பரிந்து பேசவில்லை. பொய் விலாசம் கொடுப்பவன் கம்பெனியை மட்டும் ஏமாற்றவில்லை. நேர்மையாகப் பிரீமியம் கட்டும் மற்றவர்களின் பையிலும் கை வைக்கிறான்.

ஆனால் ஏமாற்றுவோர் சிலர் இருப்பதால், கேளாத கேள்விக்கு விடை சொல்லவில்லை என்று நேர்மையானவர்களையும் தண்டிப்பது தகுமா? இன்ஷியூரன்ஸில் உச்சமான நல்லெண்ணம் வேண்டும் என்னும் விதிக்கு மூலமாக எங்கும் எடுத்துக்காட்டப்படுவது, இங்கிலாந்தில் லார்டு மான்ஸ்பீல்டு 1766இல் அளித்த தீர்ப்பு. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கிருந்த மார்ல்பரோ கோட்டையை அதன் கவர்னர் அந்நியர் தாக்குதலுக்கு எதிராக இன்ஷியூர் செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டனர். கோட்டையின் பலவீனத்தைக் கவர்னர் மறைத்துவிட்டார் என்று கூறி இன்ஷியூரன்ஸ்காரர் பணம் கொடுக்க மறுத்தார். மான்ஸ்பீல்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. நல்லெண்ணம் இரு தரப்பாரையும் கட்டும் என்றும், தான் அறிந்ததையும் அறிந்திருக்க வேண்டியதையும் குறித்து இன்ஷியூரன்ஸ்காரர் பின்னால் குறை சொல்ல முடியாதென்றும் கருதி, கவர்னருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இன்றைய கம்பெனிகள் அத்தீர்ப்பின் முற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருப்பதாகத் தோன்றுகிறது. குளிருக்கு அஞ்சித் தென்திசை செல்லும் முதியோர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இருப்பதை அவர்கள் அறியாதவர்களா? அறிந்திருந்தும் விண்ணப்பத்தில் அதைத் தெளிவாகக் கேளாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் நேர்ந்த பின் இடத்தைப் பற்றி விசாரணை தொடங்குவது நல்லெண்ணமாகுமா?

ஆகவே மூன்று காரியங்கள் செய்யப்பட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். முதலாவது, இவ்வண்டிகளுக்கு எழுதப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், “வருஷத்தில் எந்தெந்த மாதங்கள் வண்டி எங்கே நிற்கும்?” என்ற கேள்வி வெளிப்படையாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, சொந்தக்காரர் எழுத்து மூலம் இடத்தைத் தெரிவித்த பின், கம்பெனி குறித்த நாட்களுக்குள் ஆட்சேபிக்காவிட்டால், இடத்தைக் காரணமாகக் காட்டி நஷ்டஈட்டை மறுக்கும் உரிமை அதற்கு இருக்கலாகாது. வேண்டுமானால் பிரீமிய வித்தியாசத்தை வசூலித்துக்கொள்ளட்டும். மூன்றாவது, ராஜ்யங்கள் கலந்து ஒரு பொது விதியை ஏற்படுத்த வேண்டும்.

இந்த மூன்றாவது யோசனை ஆகாயத்தில் கோட்டை கட்டுவதன்று. ராஜ்யங்களின் இன்ஷியூரன்ஸ் கமிஷனர்கள் 1871ஆம் வருஷத்திலேயே ஒரு தேசிய சங்கம் கண்டவர்கள். பல மாதிரிச் சட்டங்களை வகுத்தவர்கள். ஆயுள் இன்ஷியூரன்ஸ் முதலிய சிலவகைப் பாலிசிகளுக்குப் பல ராஜ்யங்கள் உடன்படிக்கை செய்துகொண்டு, பொதுவான கமிஷன் ஒன்றை 2006 முதல் நடத்தி வருகின்றன. பல ராஜ்யங்களில் ஓடும் வியாபார லாரிகளின் பதிவுக் கட்டணத்தையும் ஓடிய மைல் கணக்குப்படி பங்கிட்டுக்கொள்கின்றன. தங்களுக்குள் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த ராஜ்யங்களுக்குப் பிரஜைகளின் பாதுகாப்பை ஒழுங்கு செய்யத் தெரியாதென்றால் யார் நம்புவார்கள்?

அக்காலம் வரும்வரை வண்டிக்காரர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வது அவசியம். வண்டி நிற்கும் இடத்தை ஏஜெண்டிடம் வாயால் சொல்லிவிட்டுத் திருப்தியடைவது போதாது. எழுதித் தெரிவித்து, எழுத்திலேயே பதில் பெற வேண்டும். பதிவான ராஜ்யத்தின் விதியையும் வண்டி நிற்கும் ராஜ்யத்தின் விதியையும் அறியாமல் பாலிசியின் எப்பகுதியையும் ரத்துச் செய்யலாகாது. இழுவை வண்டியின் பொறுப்பு இழுக்கும் மோட்டாரின் பாலிசியோடு சேர்ந்தது. கழற்றி நிறுத்தியபின் அது தொடருமென்று நினைத்தல் தவறு. வண்டிக்குள் இருக்கும் சாமான்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

நாடு ஒன்று, குடியுரிமை ஒன்று, நாணயம் ஒன்று என்று பெருமை கொள்ளும் ஒரு தேசத்தில், பிரஜை தன் உடைமையை நாட்டின் எந்த மூலையில் வைத்தாலும் அது காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்க வேண்டும். ராஜ்யங்களின் சுதந்திரம் மதிக்கத்தக்கதே. ஆனால் அச்சுதந்திரம் பிரஜைக்கு நிழல் தர வேண்டுமேயன்றி, அவனுடைய நஷ்டஈட்டை மறுப்பதற்குக் கம்பெனிகள் ஒளிந்துகொள்ளும் புதராக இருத்தலாகாது.