மூலைக்குள் ஒரு பேசின்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் முகம் கழுவுகிற இடம் கிணற்றடி. மலசலகூடம் வளவின் பின்மூலையில் இருக்கும். பாத்றூம் வீட்டுக்குள் வந்தது பிறகுதான். வந்தபோதும் அறையின் ஒரு பக்கத்தை மறித்துக் கட்டியதால், கதவைத் திறந்தாலே பாதி இடம் போய்விடுகிறது. அதற்குள் பேசின் வைக்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முடியும், நாங்களே பூட்டவும் முடியும். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் காசு வங்கிக்கு வர, மேசனைப் பிடித்து, கல் சுமந்து தங்கள் வீட்டைத் தாங்களே கட்டி எழுப்பிய சனம் இங்கே இருக்கிறது.

மூலைக்குப் பொருந்துகிற பேசின், அல்லது சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் நீளாதது போதும். வாங்க முன்னம் பழைய பேப்பரை அதே அளவில் வெட்டி நிலத்தில் போட்டு, கதவைத் திறந்து பாருங்கள். கொமட்டில் இருந்தால் முழங்கால் இடிக்குமா என்றும் பாருங்கள். பேசினின் விளிம்பு நிலத்திலிருந்து 32 அங்குலம் இருந்தால் பெரியவர்களுக்குச் சரி.

ரைல்ஸில் ஓட்டை போடும்போது மேலே டேப் ஒட்டி, ட்றில்லின் அடிக்கிற விசையை நிறுத்தி, மெதுவாகத் துளைக்க வேண்டும். துளையிலிருந்து தூள் மாவாகக் கொட்டினால் சீமெந்துக்கல் பலமில்லாதது. அந்தச் சுவரில் பிளக்கை நம்பாமல், மறுபக்கம் வரை போல்ட்டைச் செலுத்தித் தகடு வைத்து இறுக்குங்கள்.

பேசினுக்குக் கீழே பலகை அலுமாரி வேண்டாம் என்பது என் முடிவு. ஈரத்தில் பலகை ஊதும், கறையானும் விடாது. அலுமினியச் சட்டத்தில் ஒரு தட்டுப் போதும். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவதால் குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். வாயிலுள்ள வலையைக் கழற்றக்கூடிய குழாயாக வாங்கினால், வினாகிரியில் ஊறவைத்துக் கழுவலாம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் கழிவுநீர். பேசினுக்குக் கீழே போத்தல் ட்றாப் கட்டாயம் வேண்டும். அதில் தங்குகிற தண்ணீர்தான் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கிறது. குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். மலசலகூடக் குழிக்குள் மட்டும் பேசின் தண்ணீரை விடாதீர்கள். குடாநாட்டில் மண் ஆழமில்லை, கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். குழிக்குள் தண்ணீர் கூடக்கூட அழுக்கும் விரைவாகக் கிணற்றுப் பக்கம் இறங்கும். எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு வயல் உரத்தோடு இந்தக் குழிகளும் ஒரு காரணம். தாளையடியில் 2024இல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்த பிறகும் ஏராளமான வீடுகள் கிணற்றையே நம்பியிருக்கின்றன. கிணற்றடித் தண்ணீரை வாழைக்கு விட்டது எங்கள் ஆட்களின் நல்ல வழக்கம். பேசின் தண்ணீரும் கிணற்றுக்குத் தூரமாக உள்ள வாழையடிக்குப் போகட்டும்.

ஆகவே கடைக்குப் போக முன்னம் வளவை ஒருக்கால் சுற்றி நடந்து, அந்தக் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடியும் என்று முடிவெடுங்கள். பேசினைப் பிறகு தெரிவு செய்யலாம்.