இழுப்பறையில் கடவுச்சீட்டு, பழி ஊழியர் தலையில்

"விசா, பாஸ்போர்ட் அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே கொடுக்கக் கூடாது." இந்த வாக்கியத்தை அண்மையில் மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். ஒருவர் அக்கரைப்பற்றில் விமானச் சீட்டு விற்பவர். இன்னொருவர் கல்முனையில் ஓய்வுபெற்ற அதிபர். மூன்றாமவர் டொரொன்டோவில் இருந்து மின்னஞ்சல் எழுதிய வாசகர். மூவரும் நல்ல மனிதர்கள். மூவரும் விசாவுக்காகக் காத்திருந்து நொந்தவர்கள். அந்த நோவை நான் மறுக்கவில்லை. அதை அவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் முகவரிதான் பிழை என்கிறேன்.

டொரொன்டோ வாசகர் எடுத்துக்காட்டியது 2013-ஆம் ஆண்டின் கதை. அதை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டதால் மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு கனடாவின் வெளிநாட்டுச் சேவை அதிகாரிகள் தொழிற்சங்க நடவடிக்கையில் இறங்கினார்கள். ஏறத்தாழ 1,350 பேர் கொண்ட சிறிய சங்கம். அவர்களில் விசா விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரிகளும் அடக்கம். கோரிக்கை எளிமையானது: அதே அரசாங்கத்தின் வேறு திணைக்களங்களில் சட்டத்தரணிகளும் பொருளியலாளர்களும் செய்யும் அதே தரத்து வேலைக்கு அதே சம்பளம். வசந்தகாலத்தில் சிறு சிறு வெளிநடப்புகளாகத் தொடங்கியது, ஜூலை 29 அன்று உலகின் மிகப்பெரிய 15 கனேடிய விசா மையங்களில் பணிநிறுத்தமாக மாறியது. டில்லி, சண்டிகர், பெய்ஜிங், மணிலா, அபுதாபி என்று பட்டியல் நீளும். செப்டம்பரில் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்க இருந்த மாணவர்களும், கோடைகாலத்துக் கல்யாணத்துக்குப் போக இருந்த பெற்றோரும் நடுவில் அகப்பட்டார்கள். ஒரு பிள்ளையின் கல்யாணத்தைப் படத்தில் மட்டும் பார்த்த தாய்க்கு, சம்பளச் சமத்துவம் பற்றி யார் என்ன விளக்கம் சொன்னாலும் காதில் ஏறாது. அது நியாயம்.

வாசகர் நிறுத்திய இடம் இது. இதற்குப் பிறகு நடந்தது என்ன? சங்கம் இந்தப் பிணக்கை நடுத்தீர்ப்புக்கு விடலாம் என்று தானாகவே முன்வந்தது. இரு தரப்பும் கட்டுப்படும் தீர்ப்பு. வந்தால் அன்றே எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். அரசாங்கம் "சரி" என்று சொல்லிவிட்டுக் கூடவே சில முன்நிபந்தனைகளைப் போட்டது. சங்கத்தின் கோரிக்கையின் உயிரையே எடுத்துவிடும் நிபந்தனைகள். சங்கம் முறையிட்டது. அந்நாட்டின் பொதுச்சேவைத் தொழில் உறவுகள் சபை செப்டம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது: அரசாங்கம் நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்தவில்லை. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 26 அன்று, உடன்பாடு வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் முடிக்கக் கூடியதை ஆகஸ்ட் முழுவதும் இழுத்தவர் யார்? கேள்வி அவ்வளவுதான். கல்யாணத்தைத் தவறவிட்ட அந்தத் தாயிடம் யாரும் சென்று இந்தத் தீர்ப்பை வாசித்துக் காட்டவில்லை. "ஸ்ட்ரைக்காம்" என்ற ஒற்றைச் சொல்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலைநிறுத்தம் தொடங்குவது முதல் பக்கச் செய்தி. அது ஏன் நீண்டது என்பது ஏழாம் பக்கத்து மூலைச் செய்தி. நாங்களே அப்படித்தான் பக்கம் அமைத்தோம்.

பத்தாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 19 அன்று, அதே கனடாவில் இன்னும் பெரிய வேலைநிறுத்தம். 155,000 அரசாங்க ஊழியர்கள். குடிவரவுத் திணைக்களத்தவரும் அதில் இருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்நாட்களில் தத்தம் விண்ணப்பத்தின் நிலையைக் கைப்பேசியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் குடிவரவு ஊழியர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் இதற்கு முந்தைய ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2022-இல் கனேடியக் குடிவரவுத் திணைக்களத்தில் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 20 இலட்சத்துக்கும் மேல். அவ்வாண்டில் யார் வேலைநிறுத்தம் செய்தார்கள்? பெருந்தொற்று ஒரு காரணம், ஆட்பற்றாக்குறை ஒரு காரணம், அளவுக்கு மீறி விண்ணப்பங்களை வரவேற்றது ஒரு காரணம். கொடி பிடித்து வாசலில் நின்ற எழுத்தர் அந்தப் பட்டியலில் இல்லை.

வெளிநாட்டுக் கதை போதும். நம் வீட்டுக்கு வருவோம்.

2022-இல் நாடு திவாலான போது, இலங்கைத் திணைக்களம் 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகளை வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் வழங்கியதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஊழியர்கள் ஓடி ஓடி வேலை செய்த ஆண்டு அது. அப்படியிருந்தும் பத்தரமுல்லை வரிசை வீதியைச் சுற்றி வளைந்து கிடந்தது. ஜூலை மாதத்தில், இரண்டு நாளாக அந்த வரிசையில் கணவருடன் காத்து நின்ற மலையகத்துப் பெண்ணொருவர், 26 வயது, குழந்தையைப் பெற்றெடுத்தார். காவலுக்கு நின்ற இராணுவத்தினர் உதவி செய்து வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அந்த வரிசையை உண்டாக்கியது வேலைநிறுத்தம் அல்ல. அப்போது தலைமையகத்தை விட்டால் கண்டி, மாத்தறை, குருநாகல், வவுனியா என நான்கே பிராந்திய அலுவலகங்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என மூன்று மாவட்டங்கள் கொண்ட கிழக்கு மாகாணத்துக்கு ஒன்றுகூட இல்லை. பொத்துவிலில் இருந்தோ அக்கரைப்பற்றில் இருந்தோ போகிறவர் இரவுப் பேருந்தில் ஏறி, விடிய இறங்கி, முகம் கழுவ இடம் தேடி, அதன் பிறகுதான் வரிசையின் வாலைத் தேட வேண்டும். கைக்குழந்தையுடன் போன எங்கள் பெண்களுக்கு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று எந்த அமைச்சரும் ஒரு தடவையாவது பேருந்தில் வந்து பார்த்ததில்லை.

2024-இல் நடந்தது இன்னும் விசித்திரம். விண்ணப்பதாரர் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், அலுவலகம் திறந்திருந்தது. அச்சிடுவதற்கு வெற்றுப் புத்தகங்கள் இல்லை. கேள்விப்பத்திரத்தில் இழுபறி. அவசரமில்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று திணைக்களமே கேட்டுக்கொண்டது. ஒக்டோபரில் புதிய தொகுதி வந்து சேரும்வரை மக்கள் மீண்டும் நடைபாதையில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஊழியர் இரண்டு நாள் வேலைக்கு வராவிட்டால் அது நாட்டுக்கு எதிரான சதி. அமைச்சு மாதக்கணக்கில் புத்தகம் வாங்காவிட்டால் அது "தவிர்க்க முடியாத தாமதம்". இந்த அகராதியை யார் எழுதியது?

தாமதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரித்தானிய விசாவுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். வழமையான கட்டணத்துக்கு மேல் 500 பவுண் கட்டினால் முன்னுரிமை. 1,000 பவுண் கட்டினால் அடுத்த வேலைநாளிலேயே முடிவு. நமது நாட்டிலும் ஒருநாள் சேவை உண்டு, 20,000 ரூபாய். ஒரு நாளில் முடிக்கக் கூடிய வேலைதான் அது என்று திணைக்களமே விலை போட்டு ஒப்புக்கொள்கிறது. பிறகு ஏன் மற்றவருக்கு மாதக்கணக்கு? வேகத்தை விற்கிறவருக்குத் தாமதம் தேவை. வரிசை குறைந்தால் விரைவுச் சேவையை யார் வாங்குவார்? இதில் எழுத்தரின் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டில் நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நாட்டையும் அலுவலகத்தையும் பெயர் சொல்லப் போவதில்லை. தங்கச்சியின் பிரசவத்துக்காக உம்மாவை அனுப்ப விசாவுக்குப் போட்டோம். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது வாரத்தில் உம்மாவுக்கு நோய் கண்டது. வேலூருக்குக் கொண்டு போகச் சொன்னார் மருத்துவர். கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டோம். எடுத்தால் விண்ணப்பம் செத்துவிடும், கட்டிய பணமும் போய்விடும் என்றார்கள். சரி, போகட்டும், தாருங்கள் என்றோம். அதைத் தருவதற்கும் ஒரு வரிசை இருந்தது. மொத்தம் பதினொரு வாரம். "இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே" என்று வேலூரில் கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? அந்தப் பதினொரு வாரத்தில் அந்த அலுவலகத்தில் ஒரு மணி நேர வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை.

கல்முனை அதிபர் ஒரு தீர்வு சொன்னார்: அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி போட்டுவிட வேண்டும். ஐயா, அந்த மருந்தை இந்த நாடு நெடுநாளாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. 1979-ஆம் ஆண்டின் 61-ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச்சேவைகள் சட்டம் வந்த மறு ஆண்டு, ஜூலை 1980-இல், 40,000-க்கும் அதிகமான வேலைநிறுத்தக்காரர்களை அரசாங்கம் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. அதனால் எந்தக் கந்தோரில் எந்தக் கோப்பு வேகமாக நகர்ந்தது? வாய் மூடிய ஊழியர் வேகமாக வேலை செய்வார் என்பது ஆள்பவரின் கற்பனை.

சங்கங்களுக்கும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு, அதை மென்று விழுங்க மாட்டேன். உங்கள் பிணக்கு அமைச்சுடன். வளைகுடாவுக்குப் போக இருக்கும் பணிப்பெண்ணின் மருத்துவச் சான்று சில மாதத்தில் காலாவதியாகிவிடும். மறுபடி எடுக்கும் பணத்தை அவர் நகையை அடகு வைத்துத்தான் தேடுவார். மரணம், சிகிச்சை, காலாவதியாகப் போகும் வேலை விசா, இந்த மூன்றுக்கும் வேலைநிறுத்த நாளிலும் ஒரு யன்னல் திறந்திருக்க வேண்டும். 2023-இல் கனடாவில் மனிதாபிமான, அவசரத் தேவைகளுக்குக் கடவுச்சீட்டு கொடுத்தார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். அந்த யன்னலைத் திறக்காத சங்கம் பொதுமக்களைத் தானே அமைச்சர் பக்கம் தள்ளிவிடுகிறது.

இனி, காத்திருக்கும் அன்பர்களுக்கு. விசா கையில் வருமுன் விமானச் சீட்டு வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் பணம் திரும்பும் சீட்டாக வாங்குங்கள். "உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்லும் உப முகவருக்கு, வேலைநிறுத்தக் காலத்தில் உள்ளே ஆளே இல்லை என்பதை நினைவூட்டுங்கள். பொலிஸ் நற்சான்று, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் காலாவதித் திகதிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். திகதி நெருங்கினால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிராமல் எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை அலுவலகமாக இருந்தால், 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்: என் விண்ணப்பம் எந்த மேசையில், எத்தனை நாளாக, ஏன்? அதே சட்டத்தின் கீழ் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டில் இந்த அலுவலகம் வேலைநிறுத்தத்தால் இழந்த நாட்கள் எத்தனை, புத்தகமும் மையும் ஆளும் இல்லாமல் இழந்த நாட்கள் எத்தனை? பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். கல்முனை அதிபருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.