உதிர்ந்துபோன ‘சற்றே’

போர் நடந்துகொண்டிருக்கையில் ஒரு தளபதி தாம் கண்டதைச் சொன்னால், அது யாருக்குத் துரோகம்? 2003 ஈராக் போரின் முதல் இரு வாரங்களைத் திரும்பிப் பார்க்கையில் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுவே.

மார்ச் 27. அமெரிக்கத் தரைப்படையின் ஐந்தாம் கோரை நடத்திச் சென்ற வில்லியம் வாலஸ், ஒத்திகையில் கண்ட எதிரியினின்று களத்து எதிரி சற்றே வேறுபட்டிருப்பதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். வழங்கல் பாதைகள் நீண்டுவிட்டன, போரும் நீளக்கூடும். அவர் சொன்ன ‘சற்றே’ சில செய்திகளில் உதிர்ந்துபோயிற்று. இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு இது சிறு பிழையன்று. பத்திரிகைகளை அந்த மட்டில் கண்டிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஏப்ரல் 1 அன்று முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் ரிச்சர்ட் மையர்ஸ், ரம்ஸ்ஃபெல்டை அருகில் வைத்துக்கொண்டு பென்டகனில் சினந்தது இந்த ஒரு சொல்லுக்காகவா? தளபதிகள் கேட்ட படைபலத்தை ரம்ஸ்ஃபெல்ட் வெட்டிக் குறைத்தார் என்ற செய்திகளே அவரைச் சுட்டன. அவை பொய் என்றார். களத்தில் நிற்கும் வீரர்களுக்குத் தீங்கு என்றார். பொய்யெனில் சான்று காட்டி மறுக்கலாம், அது வாதம். வீரர்களுக்குத் தீங்கு என்பதோ வாதமன்று, வாய்ப்பூட்டு. போதிய துணைப்படையின்றி அனுப்பப்படுவதைவிட வீரனுக்குப் பெருந்தீங்கு எது?

கருத்து வேறுபாட்டை உரிய இடத்தில் சொல்லவேண்டும் என்பார்கள். தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகி உரிய இடத்தில்தான் சொன்னார். பிப்ரவரி 25 அன்று செனட் குழு கேட்டபோது, போருக்குப் பின் ஈராக்கை நிலைநிறுத்தப் பல இலட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். இரண்டே நாளில் துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் அம்மதிப்பீட்டை முற்றிலும் தவறென்று தள்ளினார். பேச உரிய இடம் என்று எதை மிச்சம் வைத்தார்கள்?

ஏப்ரல் 9இல் பாக்தாத் விழுந்ததும், ஐயுற்றோர் தோற்றனர் என்று எக்காளமிட்டார்கள். ஐயம் நகரைப் பிடிப்பதைப் பற்றியது மட்டுமா? அடுத்த நாளே தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்படலாயிற்று; சில நாட்களில் தேசிய நூலகம் எரிந்தது. காக்க ஆளில்லை. சுவடிகளைக் கரையானிடமிருந்து மீட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் புகையின் நெடி இன்னும் அடங்கவில்லை.

2006 நவம்பரில், அதே செனட் குழுவின் முன், ஷின்செகி சொன்னது சரியே என்று ஜெனரல் அபிசைத் ஒப்புக்கொண்டார். அதற்குள் அமெரிக்க வீரர்கள் 2,800 பேருக்கு மேல் மடிந்திருந்தனர். மாண்ட ஈராக்கியரின் தொகையில் இன்றுவரை உடன்பாடில்லை.

கம்பனின் கும்பகருணன் அவையிலேயே அண்ணனை இடித்துரைத்தான். பின்பு களம் புகுந்து அந்த அண்ணனுக்காகவே மாண்டான். அவனைத் துரோகி என்று எந்த உரையாசிரியரும் எழுதியதாக நாம் படித்ததில்லை. வாலஸும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத் தம் படையைப் பாக்தாத்துக்கு நடத்தித்தான் சென்றார்.

2006 ஏப்ரலில் ரம்ஸ்ஃபெல்ட் விலகவேண்டும் என்று ஓய்வுபெற்ற தளபதிகள் சிலர் வரிசையாக முழங்கினர். சீருடை கழன்றபின் வந்த அந்தத் துணிவை மெச்ச நமக்கு மனம் வரவில்லை. அவர்களுள் ஒருவர் கிரெகரி நியூபோல்ட். போர்த்திட்டம் உருவான நாட்களில் கூட்டுப்படைத் தலைமையகத்தின் நடவடிக்கைப் பிரிவு இயக்குநராக இருந்தவர். 2002இல் பதவி நீங்கியவர். அப்போதே இன்னும் வெளிப்படையாக எதிர்த்திருக்க வேண்டும் என்று அவர் வருந்தி எழுதினார், போர் மூண்டு மூன்றாண்டுகள் கழித்து.