இரண்டு வருடம் பல்லைக் கடித்தால்

ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பேச்சு எழாத நாளில்லை: “ரெண்டே வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ. அப்புறம் லைஃப் செட்டில்.” அப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார், பள்ளித் தாளாளர் ஆண்டு விழா மேடையில் மைக் பிடித்துச் சொல்வார். எல்லோரும் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான். ஆனால் சொல்வது பொய். நம் பிள்ளைகளிடம் நாம் அன்போடு சொல்லும் பொய்களில் அதிகக் கேடு விளைவித்தது இதுதான் என்பேன்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் இந்த நம்பிக்கையின் மேல் எழுந்தவை. இன்று அப்படிப்பட்ட பள்ளி இல்லாத மாவட்டம் இல்லை. உறவுக்காரப் பையன் ஒருவனைப் பார்க்க, அவன் பெற்றோருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கால அட்டவணை ஒட்டியிருந்தது. காலை 4.30க்கு எழ வேண்டும். 5 முதல் 7 வரை ஸ்டடி. பிறகு வகுப்பு, டெஸ்ட், மறுபடி ஸ்டடி. இரவு 10.30க்கு விளக்கணைப்பு. மாலையில் அரை மணி நேரம் ‘விளையாட்டு’ என்று அச்சிட்டிருந்ததைப் பேனாவால் அடித்து, மேலே ‘கெமிஸ்ட்ரி ரிவிஷன்’ என்று எழுதியிருந்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் பெட்ஷீட் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா டிபன் கேரியரைத் திறப்பதற்குள் அப்பா வாரத் தேர்வு மார்க்கைக் கேட்டுவிட்டார். பையன் நாலு வாய் பிரியாணி சாப்பிட்டான். அம்மா மடியில் தலையைச் சாய்த்தான். மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. “பாவம், அசதி” என்று அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார் அம்மா. சுற்றிலும் பார்த்தால் பல பெட்ஷீட்டுகளில் அதே காட்சி. பெற்றோரைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே பகலைத் தூங்கித் தீர்க்கும் அளவுக்குப் பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தேய்த்திருக்கிறோம். அதற்குக் கட்டணமும் லட்சக்கணக்கில் கட்டுகிறோம்.

அந்த அட்டவணைப்படி ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அதிகம் போனால் ஆறு மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை என்கிறது தூக்க மருத்துவம். இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. இரவில் சீக்கிரம் தூக்கம் வராததும் காலையில் எழ முடியாததும் சோம்பல் அல்ல, அந்த வயதின் உடல் அப்படி. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019இல் சட்டம் போட்டு, 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இதனால்தான். பகலில் படித்தது மூளையில் பதிவதும் தூக்கத்தில்தான். ஆக, மார்க்குக்காகத் தூக்கத்தைப் பறிக்கிறோம் என்கிற கணக்கு மார்க் கணக்காகக்கூட உதைக்கிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வயது வந்த தொழிலாளிக்கே நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. இரும்படிக்கும் ஆளுக்கு இந்த வரம்பு வேண்டும் என்று கேட்டுப் பெற்ற நாட்டில், புத்தகத்தின் முன் உட்காரும் பிள்ளைக்கு வரம்பே இல்லை.

படிப்பாவது ஒழுங்காக நடந்ததா? பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு வருடமும் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் அரசு பொதுத்தேர்வு வைத்தது. ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதும் அந்த 2017இல்தான். பள்ளி வாசல் ஃபிளெக்ஸில் மார்க்கும் முகமும் இன்றுவரை குறையவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். “எங்க வீட்ல முதல் பட்டதாரி நான். அன்னிக்குக் கஷ்டப்பட்டுப் படிக்கலைன்னா இன்னிக்கும் செங்கல் சூளையிலதான் இருந்திருப்பேன்.” உண்மை. நிலமில்லாத வீட்டுக்குப் படிப்பு எதைக் கொடுத்தது என்பதைத் தமிழ்நாடு அறியும். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அவரைத் தூக்கிவிட்டது படிப்பு. தூக்கமின்மை அல்ல, விளையாடாதது அல்ல, தாத்தா சாவுக்கு ஊருக்கு அனுப்பாதது அல்ல. தெருவிளக்கில் படித்தவரிடம் கேளுங்கள், அந்தக் காலத்திலும் கிணற்றில் குதித்த கதையைச் சொல்வார், கபடி ஆடிய கதையைச் சொல்வார். வறுமை அவரிடம் பறித்தவற்றை நாம் இன்று பணம் கட்டி நம் பிள்ளையிடம் பறிக்கிறோம்.

இந்தப் பொய்யின் பெரிய கேடு அந்த இரண்டு வருடத்தோடு முடியாததுதான். வாழ்க்கை பிறகு வரும் என்று பதினாறு வயதில் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. ப்ளஸ் டூ முடிந்தால் கேம்பஸ் இன்டர்வியூ வரட்டும் என்கிறோம். வேலை கிடைத்தால் ஆன்சைட் போய்வரட்டும். அப்புறம் வீட்டுக் கடன், அப்புறம் பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன், அப்புறம் பெண்ணுக்குக் கல்யாணம். ஓய்வு பெற்ற மறுமாதம் கோயில் குளம் போகலாம் என்று கிளம்பும்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்த்ததால் ஏற்பட்ட பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டுச் சொல்லின. உடம்பு காத்திருக்கும் என்று நினைத்தவர்கள் அவர்களிலும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

இந்தப் பழக்கத்தின் சுமை வீட்டுப் பெண்கள் மேல் இன்னும் கூடுதலாக விழுகிறது. ப்ளஸ் டூ வருடத்தில் கேபிள் கனெக்‌ஷனை வெட்டுகிறார்கள். உறவில் கல்யாணம் என்றால் அப்பா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருகிறார். அம்மா பிள்ளையோடு வீட்டுக்காவல். நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டீ போடுவதும் அவர்தான். அவருக்கு யாரும் ‘அப்புறம் செட்டில்’ என்றுகூடச் சொல்வதில்லை.

வரும் ஜூனில் விடுதிப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போகிற பெற்றோர், போன வருடம் எத்தனை பேர் மெடிக்கல் போனார்கள் என்பதோடு இதையும் கேட்க வேண்டும்: இரவு விளக்கு எத்தனை மணிக்கு அணையும், காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள்? பி.டி. பீரியடில் பிள்ளை மைதானத்தில் இருப்பானா? வீட்டில் துக்கம் என்றால் அனுப்புவீர்களா? பதிலை அட்டவணையாக எழுதித் தரச் சொல்லுங்கள். எட்டு மணி நேரத் தூக்கம் அதில் இல்லையென்றால் ஃபீஸ் கட்டாமல் திரும்பி வாருங்கள். விடுதிகளுக்கு அனுமதி தரும் அரசும் கட்டில், கழிப்பறை எண்ணிக்கையோடு நிற்காமல் படிப்பு நேரத்துக்கு வரம்பு வைத்து, இரவில் போய் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.