திரை உறைந்தால் கணினி செத்துவிட்டதா?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். நீளம் என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

லேப்டாப் திரை உறைந்து நின்றாலோ, கோடு கோடாக வந்தாலோ நம் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான்: "ஃபார்மட் போட்ரலாம் சார்." தலைவலி என்று போனவனுக்குத் தலையையே எடுக்கிற வைத்தியம்! என் பழைய மாணவி ஒருத்தியின் இரண்டு வருட ஆய்வுக் குறிப்புகள் இப்படித்தான் போயின. கடை எது என்பது முக்கியமில்லை. "உள்ளே இருப்பதை எடுத்து வைத்தீர்களா?" என்று யாரும் கேட்காததுதான் முக்கியம்.

நம் செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. அத்தனை வருடமும் உள்ளே வாழ்க்கை நடந்தது. கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பியும் போனார். வாசல் அடைபட்டால் உள்ளே எல்லாரும் செத்ததாக அர்த்தமா? திரை என்பது வாசல். உங்கள் கோப்புகள் இருப்பது வேறு அறையில், ஹார்ட் டிஸ்கில்.

முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது.

விண்டோஸ் என்றால் விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை கண் சிமிட்டும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்து வைத்தது அப்படியே இருக்கும். மறுபடி மறுபடி வந்தால் சேஃப் மோடில் போய் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள்.

லினக்ஸ் என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். பயப்படாதீர்கள், அதுதான் பின்வாசல். உள்ளே நுழைந்து டிஸ்ப்ளே மேனேஜரை மட்டும் ரீஸ்டார்ட் செய்யலாம். சேமிக்காதது போகும், சேமித்தது போகாது.

எதுவும் பலிக்கவில்லையா? வேறு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். அதில் படம் நன்றாக வந்தால் கோளாறு லேப்டாப்பின் திரையிலோ அதன் கேபிளிலோ. அதற்கு ஃபார்மட் எதற்கு?

"கடைக்காரனும் பிழைக்க வேண்டாமா சார்?" என்பீர்கள். பிழைக்கட்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, கோப்புகளை முதலில் நகலெடுத்துத் தரட்டும். அதற்கும் கூலி கொடுங்கள். ஃபார்மட் கடைசி மருந்து, முதல் மருந்து அல்ல.

இன்னொரு வருத்தம். 2011-இல் அரசு விலையில்லா லேப்டாப் தரத் தொடங்கியபோது விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. உங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? பக்கத்து மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸிலேயே படிக்கிறார்கள். நாமோ மெனுவின் பெயரை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். மெனுவே வராவிட்டால் என்ன செய்வது என்று கற்கவில்லை. கருவியைக் கொடுத்தால் போதாது, பழுது பார்க்கும் தைரியத்தையும் கொடுக்க வேண்டும்.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுங்கள். பிறகு இதை வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், சிங்கவரம்